ஒரிஜினல் வேண்டாம்

அந்தக் கைப்பேசிக் குழுவில் அவளுக்குப் பெயர் தகவல் அக்கா. வெளிநாட்டில் படிக்கக் கிளம்புகிற நம் ஆட்கள் முந்நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். யார் எதைக் கேட்டாலும் பத்து நிமிடத்துக்குள் அவளிடமிருந்து பதில் வந்து விழும்.

"அக்கா, அங்க பிளக்குக்கு எத்தனை கால்?"

"மூணு, தட்டைக் கால். ஊர்லயே அடாப்டர் ரெண்டு வாங்கிக்குங்க. இங்க யானை விலை, குதிரை விலை."

"அக்கா, குளிர் கோட்டு இங்கயே எடுத்துடவா?"

"வேண்டவே வேண்டாம். அங்க விக்கிற கோட்டு இங்க அடிக்கிற காத்துக்குப் பேப்பர் மாதிரி. வந்து எடுத்துக்கலாம்."

குழுவில் அவள் தன் படத்தை வைக்கவில்லை. வயது இருபத்தாறுதான். நாற்பது வயதுக்காரர்கள்கூட வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பிடித்துப்போய்விட்டது. மண் பரிசோதனைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. மாலையில் கல்லூரி நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை எண் பார்த்து அலமாரியில் அடுக்கும் வேலை. அந்த வேலையில் யாரும் அவளோடு பேச மாட்டார்கள். குழுவைத் திறந்தால் மட்டும் திருவிழாக் கூட்டம்.

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று போன வருடம் ஒரு தாள் தயாரித்துக் குழுவில் போட்டிருந்தாள். முப்பத்தொரு வரி. தினமும் சாப்பிடும் மாத்திரையை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. வந்த முதல் வாரமே விடுதி அலுவலகத்தில் முகவரிக் கடிதம் வாங்கு, அது இல்லாமல் வங்கிக்காரர் வாசலைத் தாண்ட விடமாட்டார். இப்படிப் போகும். அதில் ஒன்பதாவது வரி இது: "சர்டிபிகேட் ஒரிஜினல் வேண்டாம். பத்திரமா ஊர்லயே வெச்சுட்டு வாங்க. அட்டெஸ்ட் பண்ணின காப்பி போதும்."

அதை அவள் சும்மா எழுதவில்லை. அவளுடன் வந்த அறைத்தோழியின் பெட்டி விமான நிலையத்தில் தொலைந்து, பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லாம் ஒரே நாளில் போனது. அந்தப் பெண் மூன்று வாரம் அழுததைப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டவள் இவள். கல்லூரியிலும் அப்போது காப்பியை மட்டும்தான் பார்த்தார்கள்.

இந்த வருடம் புது மாணவர்களுக்கான பதிவு திங்கட்கிழமை தொடங்கியது. உதவிக்கு நிற்கும் பழைய மாணவர்களுக்கு மஞ்சள் அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் பெயர் கிடையாது, பேசத் தெரிந்த மொழி மட்டும். அவள் கழுத்தில் "தமிழ்" என்று தொங்கியது.

பதினோரு மணிக்கு ஒரு பெண் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு நேராக அவளிடம் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. கோப்பை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவருடைய நடையே அவர் யார் என்று சொல்லியது. வகுப்பறையில் பெஞ்சுக்கு நடுவே நடந்து பழகியவர்கள் மட்டும்தான் அப்படி நடப்பார்கள்.

"தமிழாம்மா? அப்பாடா! நேத்து வந்து இறங்கினதுலேர்ந்து வாயத் திறக்கல. பதினேழு வருஷமா கணக்கு டீச்சர் நான், ஒரு நாள் முழுக்கப் பேசாம இருந்ததே இல்ல."

"வாங்க டீச்சர். நானே கூட வர்றேன்."

பதிவு மேசையில் இருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். கடவுச்சீட்டைப் பார்த்தார், சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்தார், கோப்பைப் புரட்டினார். முதலிலிருந்து மறுபடி புரட்டினார். அவர் வேகமாகப் பேசப் பேச, இவள் டீச்சருக்குத் தமிழில் சொன்னாள்.

"ஒரிஜினல் எங்கே?"

"காப்பி இருக்கு. அட்டெஸ்ட் பண்ணினது," என்றார் டீச்சர்.

"போன வருஷம் வரைக்கும் அது சரி. போலிச் சான்றிதழ் ரெண்டு மாட்டினதால இந்த வருஷத்துலேர்ந்து ஒரிஜினலைக் கண்ணால பார்த்தாத்தான் பதிவு. ஜூன் மாசமே கல்லூரி இணையப் பக்கத்துல போட்டாச்சு." அவர் நாட்காட்டியைத் திருப்பிக் காட்டினார். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி. அதுக்குள்ள வரலைன்னா இந்த இடம் காத்திருக்கிறவங்களுக்குப் போயிடும்."

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி இவளைப் பார்த்தார்.

"ஒரிஜினல் வேண்டாம்னு குழுவுல போட்டிருந்தாங்களேம்மா. தகவல் அக்கான்னு ஒருத்தங்க. உனக்குத் தெரியுமா அவங்கள?"

இவள் வாயில் தெரியும் என்றும் வரவில்லை, தெரியாது என்றும் வரவில்லை. "குழுவுலதானே டீச்சர்..." என்று இழுத்தாள். அதற்குள் அதிகாரி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"அந்தம்மா மேல தப்பு சொல்ல முடியாது," என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தார். "நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க. வயசானவங்களா இருக்கும், புதுசா வந்ததப் பார்த்திருக்க மாட்டாங்க."

மதியம் முழுக்க அவள் மஞ்சள் அட்டையோடு நின்றாளே தவிர, யார் என்ன கேட்டார்கள் என்றே மனதில் ஏறவில்லை. முதல் காரியமாகக் குழுவில் எழுதினாள்: "இன்னும் விமானம் ஏறாதவங்க கவனிங்க. ஒரிஜினல் கட்டாயம். கைப்பையிலயே எடுத்துட்டு வாங்க." பதினாறு பேர் நல்லவேளை அக்கா, நீங்க இல்லைன்னா என்ன ஆகியிருக்கும் என்று கைகூப்பினார்கள். ஒவ்வொரு கும்பிடும் ஒரு குட்டு மாதிரி விழுந்தது. ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தவர்கள் மூன்று பேர். டீச்சர் போக மற்ற இருவரையும் தனித்தனியாக விசாரித்தாள். ஒருவர் யார் சொன்னாலும் நம்பாத பேர்வழி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இன்னொருவரின் அண்ணன் அடுத்த புதன்கிழமை இந்த ஊருக்கே வருகிறார், கொண்டுவந்துவிடுவார். மாட்டிக்கொண்டது டீச்சர் மட்டும்தான்.

பிறகு தாளைத் திறந்து ஒன்பதாவது வரியை அழித்தாள். அழித்த இடத்தில் பத்தாவது வரி மேலேறி உட்கார்ந்துகொண்டது. பார்த்தால் அப்படி ஒரு வரி இருந்ததே தெரியவில்லை. இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே பகீரென்றது. டீச்சருக்கு அவள் யார் என்று தெரியாது. சொல்லாவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஓடி ஓடி உதவி செய்துவிட்டு, நல்ல பெண் என்ற பெயரோடு போய்விடலாம்.

சாயங்காலம் நூலகத்தில் ஒரே புத்தகத்தை இரண்டு முறை தவறான இடத்தில் வைத்தாள். மேற்பார்வையாளர் அம்மாள், "உடம்பு சரியில்லையா? போய்ப் படு," என்று அனுப்பிவிட்டார். அவள் படுக்கப் போகவில்லை. புது மாணவர் விடுதிக்குப் போனாள்.

பொதுச் சமையலறையில் டீச்சர் மட்டும் இருந்தார். நான்கு அடுப்பு, எட்டு அலமாரி, ஒவ்வொன்றிலும் அறை எண். டீச்சர் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. சாப்பிட்டியா? அவருக்கு போன் போட்டேன். எங்க வீட்டுக்காரர் பெயிண்டர், வீட்டுக்குச் சுண்ணாம்பு, பெயிண்ட் அடிக்கிற வேலை. சர்டிபிகேட்டெல்லாம் பேங்க் லாக்கர்ல இருக்கு. லாக்கர் என் பேர்ல மட்டும். நான் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் திறப்பாங்களாம். காலைல போய் மேனேஜர் கால்லயே விழறேன்னு சொல்றாரு. விழுந்தா மட்டும் பூட்டுத் திறந்துடுமா?"

"டீச்சர், அந்தத் தகவல் அக்கா..."

"ஆமா, அவங்ககிட்ட ஏதாவது வழி கேட்கலாமா?"

"அது நான்தான்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் குழாயை மூடவில்லை, திரும்பவும் இல்லை.

"அந்த வரிய எழுதினது நான்தான். போன வருஷ விதிய வெச்சு எழுதினேன். இந்த வருஷம் மறுபடி பார்த்திருக்கணும், பார்க்கல. காலைலயே சொல்லியிருக்கணும், நாக்கு எழும்பல."

டீச்சர் குழாயை மூடினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? உன்னையா நான் ஆறு மாசமா அக்கா அக்கான்னு கூப்பிட்டேன்? எங்கிட்ட படிச்சுட்டுப் போன பசங்களுக்கே உன்னவிட வயசு கூட இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டீச்சர் சிரிக்கவில்லை.

"நாப்பத்தொரு வயசும்மா எனக்கு. இருந்த வேலைய எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன். படிச்சு என்ன கிழிக்கப் போறேன்னு கேட்காத சொந்தக்காரங்க பாக்கியில்ல. பாடம் சொல்லிக் கொடுக்கிற முறையவே ஒழுங்காப் படிக்கணும்னு எனக்குப் பத்து வருஷத்து ஆசை. ஒரே ஒரு வரியில..." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

"ம்." டீச்சர் கொஞ்ச நேரம் மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "இங்க பாரு, எனக்குக் கோவம் இருக்கு. உடனே போகாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்ப ரெண்டு பேரும் உட்கார்ந்து ஆக வேண்டியதப் பார்ப்போம். அந்த அதிகாரி சொன்ன விதிய முழுசாப் படிச்சியா?"

படிக்கவில்லை. அவளும் அவர் வாயால் சொன்னதைக் கேட்டதோடு சரி. இருவரும் கைப்பேசியில் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து, அந்த அறிவிப்பை முதல் எழுத்திலிருந்து படித்தார்கள். டீச்சர் கேள்வித்தாள் படிப்பது போலப் படித்தார், ஒவ்வொரு வரியின் கீழும் விரலை ஓட்டிக்கொண்டு. மூன்றாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு விலக்கு இருந்தது. ஒரிஜினலை உடனே காட்ட முடியாதவர்கள், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகமே நேராகக் கல்லூரிக்கு உறுதிக் கடிதம் அனுப்பினால், தற்காலிகமாகப் பதிவு செய்யலாம். இரண்டாம் பருவம் தொடங்குவதற்குள் ஒரிஜினலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

"விடுமுறைக்கு நான் ஊருக்குப் போவேனே!" என்றார் டீச்சர். அன்றைக்கு முதல் முறையாக அவர் முதுகு நிமிர்ந்தது.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்போது இருவரும் வாசலில் நின்றார்கள். அவள் தன் தாளை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தாள், அழித்த வரியைத் திரும்ப எழுதி. "இவங்க அலட்சியமா இல்லைங்க. நான் தப்பாச் சொன்னத நம்பிட்டாங்க," என்று அதிகாரியிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். விலக்கைக் காட்டியதும் தலையாட்டினார்.

"இருக்கு. ஆனா போன வருஷம் வேற விஷயத்துக்கு இதே மாதிரி உறுதிக் கடிதம் கேட்டு, ஆறு வாரம் ஆச்சு."

"நீங்க ஒரு கடிதம் போடுவீங்களா?" என்றாள் அவள். "தனி ஆளு போய்க் கேட்டா, மனுவ வாங்கி வெச்சுட்டுப் பதினஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்வாங்க. ஒரு கல்லூரி கேட்டா, இன்னொரு அலுவலகம் கேட்குதுன்னு எடுத்துப் பார்ப்பாங்க. பல்கலைக்கழகத்துக்கு நீங்க அனுப்புங்க. அதோட நகல எங்களுக்கும் குடுங்க. நடந்து போய்க் காட்ட அங்க ஆள் இருக்கு."

அவர் யோசித்தார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்.

நடந்து போக இருந்த ஆள் பெயிண்டர். பெரிய பெரிய கட்டிடங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் பெயிண்ட் அடித்தவர், ஆனால் ஒரு அலுவலகத்தில் போய்க் காகிதம் நீட்டியதில்லை. வீட்டில் கையெழுத்து வேலையெல்லாம் டீச்சரின் பொறுப்பு. எந்தக் கட்டிடம், எந்த மாடி, என்ன கேட்க வேண்டும், பதிவு எண் எது என்று அவள் ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள். இந்தத் தடவை அந்தப் பல்கலைக்கழகத்தின் எண்ணுக்கே போன் போட்டு, தேர்வுப் பிரிவு இப்போது இரண்டாம் மாடியில்தான் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் எழுதினாள்.

புதன்கிழமை போனவர் மாலையில் பேசினார். டீச்சர் போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்.

"இன்னைக்கு இந்த வேலையப் பார்க்கிற சீட்டுக்காரர் லீவாம். நாளைக்கு வரச் சொன்னாங்க."

"பக்கத்து சீட்டுல கேட்கலையா?"

"கேட்டேன். அது எங்க சீட்டு வேலை இல்லைன்னாங்க. அவங்க சீட்டு வேலை எதுன்னு நான் கேட்கல. சண்டையாயிடும்."

வியாழக்கிழமை அந்த சீட்டுக்காரர் வந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு, இது மேலதிகாரி பார்க்க வேண்டியது என்றார். மேலதிகாரி வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இருந்தார். பெயிண்டர் அவர் அறைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் கதவைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாவது தடவை எழுந்தபோது மேலதிகாரியே நின்று, "யாருய்யா நீ, வந்ததுலேர்ந்து எழுந்து எழுந்து உட்கார்ற?" என்று கேட்டிருக்கிறார்.

"என் சம்சாரம் வெளிநாட்டுல படிக்குதுங்கன்னு சொன்னேன். படிக்கப் போயிருக்குதுன்னு சொல்லல, படிக்குதுன்னே சொல்லிட்டேன்," என்றார் பெயிண்டர். "கடிதாசிய வாங்கிப் பார்த்தாரு. திங்கக்கிழமை பழைய பதிவேட்ட எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்காரு."

டீச்சர் போனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் எழுந்துபோய் இரண்டு கோப்பையில் தேநீர் போட்டு, ஒன்றை டீச்சர் பக்கத்தில் வைத்தாள். அந்த வாரக் கடைசியில் இருவரும் சேர்ந்து போய் டீச்சருக்கு ஒரு கோட்டு வாங்கினார்கள். பதிவே ஆகாமல் கோட்டு எதற்கு என்று டீச்சர் கேட்டார். குளிருக்குப் பதிவு தெரியாதே டீச்சர் என்றாள் அவள். டீச்சருக்குக் கோபம் முழுவதும் போனதா என்று தெரியவில்லை. ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தார்.

அடுத்த புதன்கிழமை மதியம் கல்லூரி அதிகாரி கூப்பிட்டனுப்பினார். உறுதிக் கடிதம் வந்துவிட்டது. ஓடினார்கள். அவர் முகம் தெளிவாக இல்லை. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"கடவுச்சீட்டுல ஒரு பெயர். பட்டத்துல வேற பெயர். இவங்க ரெண்டு பேரா?"

டீச்சர் படித்தது அப்பாவின் இனிஷியலில். கடவுச்சீட்டு எடுத்தது கல்யாணத்துக்குப் பிறகு, கணவர் பெயரைச் சேர்த்து. அவள் குழுவில் போட்ட தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் தோன்றவே இல்லை.

"ஒரே ஆள்தான் சார். கல்யாணம் ஆச்சு, அவ்வளவுதான்," என்றார் டீச்சர்.

"அதுக்கு ஏதாவது அத்தாட்சி?"

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இருக்கு! கல்யாணச் சான்றிதழ். அதுவும் ஒரிஜினல். பெட்டி கட்டும்போது எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்து திணிச்சாரு. எதுக்குய்யா இதுன்னு கேட்டேன். 'அங்க யாராச்சும் கேட்டா, புருஷன் ஒருத்தன் இருக்கான்னு காட்டு'ன்னாரு. துணிக்கடியில கிடக்கு."

அவள் அதை அப்படியே மொழிபெயர்த்தாள். அத்தனை நாளில் அந்த அதிகாரி சிரித்து அன்றுதான் பார்த்தார்கள். மறுநாள் அந்தச் சான்றிதழை மொழிபெயர்த்து முத்திரை வாங்கினார்கள். கடைசி நாளான வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு டீச்சருக்கு மாணவர் அட்டை கிடைத்தது. படத்தில் கண்ணை மூடியிருந்தார். மாற்றி எடுக்கலாமா என்று கேட்டார்கள். "ஐயோ வேண்டாம், இதுவே இருக்கட்டும்," என்று அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டார், எங்கே திரும்ப வாங்கிவிடுவார்களோ என்பது போல.

அன்று சாயங்காலமே டீச்சர் சமையலறை மேசையில் அந்தத் தாளை விரித்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"முதல் வரி. இது உனக்கு எப்படித் தெரியும்?"

"நானே செஞ்சது."

"எப்ப?"

"போன செப்டம்பர்."

"அப்ப தேதி போடு. ரெண்டாவது வரி?"

"அது... யாரோ சொன்னாங்க."

"யாரு?"

அவளுக்கு நினைவில்லை. சிவப்புக் கோடு விழுந்தது. முப்பது வரியில் பதினொன்று அப்படிப் போனது. மீதிக்குத் தேதி சேர்ந்தது, எந்த அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதும் சேர்ந்தது. பெயர் மாறிய பெண்கள் கல்யாணச் சான்றிதழ் எடுத்துவர வேண்டும் என்று புதிதாக ஒரு வரி. எல்லாவற்றுக்கும் மேலே அவள் தானாகவே எழுதினாள்: "போன தாள்ல ஒன்பதாவது வரியத் தப்பா எழுதியிருந்தேன். அதனால ஒருத்தங்களுக்கு இடமே போகப் பார்த்துச்சு. மன்னிச்சுக்குங்க." டீச்சர் அதைப் படித்தார், அதில் திருத்தம் எதுவும் செய்யவில்லை.

குழுவில் சிலர், "என்னக்கா, தாள் இளைச்சுப் போச்சு?" என்று கேட்டார்கள். ஒருவர் கோபப்பட்டுக் குழுவை விட்டே போனார். அவள் அவருக்குத் தனியாக எழுதினாள். பதில் வரவில்லை.

ஊரில் நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து கடிதம் வாங்கியவர் என்று பெயிண்டருக்குத் தெருவில் பெயர் பரவிவிட்டது. பட்டச் சான்றிதழில் எழுத்துப் பிழை வந்தவர், மதிப்பெண் பட்டியல் நகல் வேண்டியவர் எல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். வேலை இல்லாத நாட்களில் அவரும் கூடப் போனார்.

"இன்னைக்கு ஒருத்தர இரண்டாம் மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன்," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார். "அந்த மேலதிகாரி என்னைப் பார்த்ததும், 'சம்சாரம் எப்படிப் படிக்குது?'ன்னு கேட்டாரு. நல்லாப் படிக்குதுன்னேன். நல்லாப் படிக்கிறியா?"

"நாளைக்குப் பரீட்சை. போனை வை," என்றார் டீச்சர்.